மகசூல் மதிப்பும் கிராம விசாரணையும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஒரே நெருப்பில், ஒரே நீரில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். கிராமத்து நிலங்களோ அத்தகையன அல்ல. தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒரே அளவு நீரைக் காண்பதில்லை. களரும் வண்டலும் ஒரே பலனைத் தருவதில்லை. ஆகவே ஊரின் விளைவை அறிய விரும்புவோர்க்கு, எந்த வயலை எடுத்துப் பார்ப்பது என்பதே முதற்கேள்வியாகும்.

முற்காலத்தில் இதற்குக் கண்மதிப்பே ஆதாரமாக இருந்தது. சாதாரண மகசூலில் அவ்வருஷத்து விளைவு எத்தனை அணா என்று அதிகாரி பார்வையால் குறிப்பார். பார்ப்பவரின் மனப்போக்கு அம்மதிப்பில் கலவாமல் இராது. 1923 முதல் 1925 வரை பீஹார்-ஒரிஸ்ஸா மாகாணத்தில் ஹப்பக் என்னும் அதிகாரி, நெல் வயல்களில் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இடங்களைத் தெரிந்து, அறுத்து நிறுத்து மகசூலைக் கணித்தார். 1937 முதல் மஹலநோபிஸ் வங்காளத்தில் சணல் சாகுபடியை மதிப்பிட இத்தகைய மாதிரி முறையை விரிவாகக் கையாண்டார். அறுவடைக் கட்டம் மிகச் சிறியதாயின் ஓரத்துப் பயிர்களும் உள்ளே சேர்ந்து மகசூல் மிகையாகத் தோன்றும் என்பதை, 1940-களில் சுகாத்மே எடுத்துக்காட்டினார்.

இம்முறையின் உயிர் ஒன்றே: வயலைத் தெரிந்தெடுப்பது எண்ணாக இருக்கவேண்டும், மனிதராக இருத்தல் கூடாது. குறிக்கப்பட்ட சர்வே நம்பருக்கு வழியில்லை, வெயில் கடுமை, பட்டாதாரர் ஊரில் இல்லை என்று சொல்லி, சாலையோரத்து வயலில் அறுத்து முடிப்பது சிறு சௌகரியமாகத் தோன்றலாம். ஆனால் வண்டி எளிதில் சேரும் வயல் எருவும் எளிதில் சேரும் வயலாதலின், அதன் விளைவு ஊரின் விளைவாகாது. குறித்த நிலத்தில் அப்பயிர் இல்லாவிடில், மாற்று நிலத்தைக் காட்டவேண்டியது விதியேயன்றி அதிகாரியின் விருப்பமன்று.

பிழையின் அளவையும் நோக்குக. கட்டம் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உடையதாயின், ஹெக்டேருக்குக் கணக்கிட அதனை 400 ஆல் பெருக்கவேண்டும். தராசில் 1 கிலோ தவறினால் கணக்கில் 400 கிலோ தவறும். 4 அறுவடைகளின் சராசரியிலும் அது 100 கிலோவாக நிற்கும். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தகைய சராசரியே இழப்பீட்டுக்கு முக்கிய ஆதாரமாகும். நல்ல வயல் ஒன்று புகுந்தால், பயிரை இழந்த ஊர் முழுவதும் இழப்பீட்டை இழக்க நேரும்.

அதற்காக விளைவைக் குறைத்துக் காட்டலாம் என்று எண்ணுவோரும் உண்டு. அதுவும் கேடே. சென்ற 7 வருஷங்களில் சிறந்த 5 வருஷங்களின் சராசரியைக் கொண்டே உத்தரவாத மகசூல் கணிக்கப்படுகிறது. அடிக்கடி குறைத்துக் காட்டிய ஊரில் அவ்வளவே தாழ்ந்துபோகும். பின்னர் மெய்யான நஷ்டம் வந்தபோது அது நஷ்டமாகவே தோன்றாது.

ஆயினும் தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கடன், கூலி, குத்தகை ஆகியவற்றை மக்களிடம் கேட்டே அறியவேண்டும். சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவரைக்கொண்டு கிராமங்களை விசாரித்து 1918-ல் நூலாக வெளியிட்டார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை ஜில்லாப் பாலக்குறிச்சி முதலியன அவற்றுள் அடங்கும். அவை குலுக்கித் தெரிந்த ஊர்கள் அல்ல. ஆகவே மாகாணம் முழுவதற்கும் அவற்றைச் சராசரியாகக் கொள்ளலாகாது. அவற்றின் பெருமை வேறு. தாமஸும் ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் விசாரித்து 1940-ல் மற்றொரு நூலை வெளியிட்டனர். இருவேல்பட்டில் ஆராய்ச்சி பின்னரும் பலமுறை தொடர்ந்தது. ஒரே ஊரைத் தலைமுறைதோறும் பார்த்ததால், நிலம் எவர் கையினின்று எவர் கைக்கு மாறிற்று, கூலி எங்ஙனம் மாறிற்று என்பவை விளங்கின. பரப்பை அறியக் குலுக்கல் முறையும், காலத்தின் போக்கை அறிய மறு விசாரணையும் வேண்டும்.

இத்தகைய விசாரணைக்கு ஊரில் பெரிய இடையூறு ஒன்று உண்டு. வந்தவர் நிலக்காரரின் திண்ணையிலேயே அமர்ந்து, கூலிக்காரரின் வரும்படியையும் அவரிடமே கேட்டுச் செல்கிறார். கூலி கொடுப்பவர் சொல்லும் கணக்கும் வாங்குபவர் சொல்லும் கணக்கும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பதில்லை. குத்தகைதாரரும், நடவு நடும் பெண்களும் தம் வாயால் தம் நிலையைச் சொல்ல இடமளிப்பதே மிராசுதாரருக்கு அழகு.

எனவே கிராம அதிகாரிகள் குறித்த வயலுக்கே சென்று, ஊரார் முன்னிலையில் நிறுத்து, நிறுத்ததையே எழுதவேண்டும். நிலக்காரர் தம் கணக்கை மறையாது சொல்லி, பிறர் கணக்கைப் பிறர் சொல்ல விடவேண்டும். பொய்க் கணக்கின்மேல் எழும் திட்டம் எத்துணை நல்ல நோக்கமுடையதாயினும், கடைமடை வயலுக்கு நீர் கொண்டு சேர்க்காது.