நன்னடத்தைக்குக் கணக்கு எங்கே?

அரியலூர் மாவட்டத்தில் மத்திய சிறை கிடையாது. ஆயுள் தண்டனை பெற்றவர்களைத் திருச்சிக்குத்தான் கொண்டுபோகிறார்கள். செந்துறையிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் பஸ் மாறி மனு பார்க்க, அதாவது சிறையில் மகனைச் சந்திக்க, போகும் தாய்மார்கள் மகனிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "யார் வம்புக்கும் போகாதேப்பா, சீக்கிரம் விட்டுடுவாங்க." அந்த நம்பிக்கையை அரசு காப்பாற்ற வேண்டும்.

ஒழுங்காக இருப்பவருக்குத் தண்டனையைக் குறைப்பது பழைய ஏற்பாடு. நார்ஃபோக் தீவுச் சிறையில் 1840-இல் அலெக்சாண்டர் மக்கனாக்கி உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் மதிப்பெண் கொடுத்தார். சேர்த்த மதிப்பெண்ணே விடுதலைக்கு வழி. நமது 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டமும் மதிப்பெண்ணைக் கொண்டே தண்டனைக் குறைப்பை வரையறுத்தது. அடியாலும் தனிக்கொட்டடியாலும் ஆகாததை இம்முறை செய்யும் என்று உறுதியாக நம்புகிறோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பேரறிவாளனை விடுவித்த 2022 மே 18 தீர்ப்பில், அவரது நடத்தையையும் சிறைக்குள் படித்துத் தேறியதையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஆனால் தமிழ்நாட்டில் மொத்த விடுதலைகள் தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டியே வருகின்றன. 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்காக, ஏழாண்டு கழித்த 1,405 ஆயுள் கைதிகள் வெளியே வந்தார்கள். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பேரில் வந்தவர்களில், தருமபுரியில் மூன்று மாணவியரை பஸ்ஸோடு எரித்த வழக்கின் மூவரும் உண்டு. நடத்தையைப் பார்த்துத்தான் விட்டோம் என்று அரசு சொல்லலாம். எப்படி அளந்தீர்கள் என்று அந்த மாணவியரின் பெற்றோர் கேட்டால் எந்தத் தாளைக் காட்டும்? அதே ஆண்டு புழலில் சில கைதிகள் மெத்தையும் டிவியுமாக வாழ்ந்த படங்கள் வெளியாயின. சலுகை எழுத்தில் இல்லாமல் ஆள் பார்த்துக் கிடைத்தால், விலைக்கும் கிடைக்கும்.

எழுத்தில் இருந்தாலும், நியாயமாக நடத்தாவிட்டால் இம்முறை பலிக்காது. இங்கிலாந்து 1995-இல் சிறைகளில் சலுகைப் படிநிலையைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் குழு நடத்தையில் பெரிய முன்னேற்றம் எதையும் காணவில்லை. காவலர்கள் நியாயமாக நடப்பதில்லை என்ற மனக்குறைதான் கைதிகளிடம் கூடியிருந்தது.

ஆகவே மாதாமாதம் ஒவ்வொரு கைதிக்கும் அவர் சேர்த்த குறைப்பு நாட்களைக் கையெழுத்திட்ட சீட்டில் கொடுக்க வேண்டும். வெட்டினால் காரணம் எழுத வேண்டும். மாவட்ட நீதிபதியிடம் முறையிட வழி வேண்டும். மனு, கடிதம், சாப்பாடு, வைத்தியம் நான்கையும் பரிசாகவோ தண்டனையாகவோ யாரும் தொடக் கூடாது. ரிமாண்டில் இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. நாட்டின் கைதிகளில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். தண்டனையே வராதவருக்குக் குறைப்பு ஏது? ஜெயங்கொண்டம் கிளைச் சிறையில் காத்திருப்பவர் படித்ததையும் வேலை செய்ததையும் பதிவேட்டில் ஏற்றி, ஜாமீன் மனு வரும்போது நீதிபதியின் முன் வைக்கட்டும்.