'தலைவலி' என்றாள் மகள்!

வெளியூர் ஹாஸ்டலில் தங்கி, பி.எஸ்சி., இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என் மகள். தினமும் போனில், "சாப்பிட்டியா? டெஸ்ட்ல எவ்வளவு மார்க்?" என்பேன். "தலைவலிம்மா" என்பாள். "தைலம் தடவிட்டுத் தூங்கு" என்று வைத்துவிடுவேன்.

லீவுக்கு வந்தவள், சாப்பாடு, தூக்கமின்றி சுருண்டே கிடந்தாள். டாக்டரிடம் போன பிறகு தான், மனச்சோர்வு என்று தெரிந்தது.

"ஏண்டி சொல்லலை?" என்றேன். "சின்ன வயசுல அழுதாலே அதட்டுவியேம்மா... எப்படிச் சொல்றதுன்னே தெரியலை" என்றாள். சுருக்கென்றது. சிகிச்சையில், இப்போது தேறி வருகிறாள்.

தோழியரே... பிள்ளை அழுதால் வாயை அடைக்காமல், மடியில் போட்டு, என்னவென்று கேளுங்கள். வளர்ந்த பின்னும் நம்மிடம் மனம் விட்டுப் பேசும். நம்மிடம் தயங்கினாலும், 2022ல் மத்திய அரசு துவங்கிய, 'டெலி மானஸ்' இலவச எண் 14416ஐயாவது சொல்லி வையுங்கள். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்!

– ஒரு வாசகி, கும்பகோணம்.