விட்டுவிட்டு வரும் நோய்

முறைக்காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், அந்த நேரம் பார்த்து அதன் உடம்பு குளிர்ந்திருக்கும். நம் சொல்லைத் தவிர வேறு சான்று இராது. பழைய வாகனங்களுக்கும் இத்தகைய நோய் உண்டு. வாசலில் கிளம்ப மறுக்கும் வண்டி, பட்டறைக்குப் போனதும் ஒரு குறையுமின்றி ஓடும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் பழைய டீசல் வேனுக்கு வந்த இந்நோயைப் பற்றி இத்திங்கள் எழுதுகிறோம். வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதனால் பயன் உண்டு. வண்டி இல்லாதோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

நம் பங்கு கடற்கரையை ஒட்டியது. உப்புக்காற்று இரும்பையும் செம்பையும் சும்மா விடுவதில்லை. அவ்வேன் நோயாளரை மருத்துவமனைக்கும், பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புக்கும் சுமந்து பல ஆண்டுகள் உழைத்தது. ஒரு தவக்காலத்தில் அதன் செல்ஃப் திடீர் திடீரென மக்கர் செய்யத் தொடங்கிற்று. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வரும். நாலு பேர் சேர்ந்து தள்ளினால் ஓடிவிடும். அதன்பின் மெக்கானிக் வந்து பார்க்கையில் பத்து முறையும் ஒழுங்காகக் கிளம்பும்.

பங்கின் நிதிக்குழுவில் நாமும் இருந்தோம். முதலில் புதிய பேட்டரி வாங்கினோம். மூன்றே வாரத்தில் நோய் திரும்பிற்று. பிறகு ஓட்டுநர் மேல் ஐயம் எழுந்தது. இரவில் விளக்கை அணைக்க மறந்து பேட்டரியைப் பாழாக்குகிறார் என்று ஒருவர் சொன்னார். அதை எவரும் மறுக்கவில்லை. “ஐயா, வண்டி மறுக்கிற நேரத்தில் ஆக்சிலேட்டர் கேபிள் தொட முடியாதபடி சுடுகிறது. ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்” என்று அவர் சொன்னதைச் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டோம். பேட்டரியின் விலையை அவருடைய சம்பளத்தில் மாதத் தவணையாகப் பிடிப்பது என முடிவாயிற்று. அத்தீர்மானத்தில் நம் கையொப்பமும் உண்டு.

அதற்கடுத்த மாதம் ஓர் இரவு, பங்குத்தந்தையை இரயில் நிலையத்திலிருந்து அழைத்துவந்து வேனை நிறுத்திய சிறிது நேரத்தில், மூச்சுத்திணறலால் தவித்த மூதாட்டி ஒருவரைக் கொண்டுபோக அழைப்பு வந்தது. வேன் அசையவில்லை. தள்ளுவதற்கும் அந்நேரத்தில் ஆளில்லை. ஆட்டோ ஒன்றைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரமாயிற்று. ஆண்டவர் அருளால் அம்மூதாட்டி பிழைத்தார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றும் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

பின்னர் இளைஞரான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வேனைக் காட்டினோம். அவர் உடனே எதையும் கழற்றவில்லை. ஒரு குறிப்பேட்டை ஓட்டுநரிடம் கொடுத்து, வண்டி மறுக்கும் நாள், மணி, மழையா வெயிலா, இஞ்சின் சூடா குளிர்ச்சியா என்பவற்றை எழுதிவரச் சொன்னார். “அடுத்த முறை மறுத்தால் தள்ளாதீர்கள், எதையும் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள்” என்றும் கூறினார்.

ஒரு மாதத்தில் அவ்வேட்டில் ஆறு குறிப்புகள் ஏறின. ஆறும் ஓடிக் களைத்து நின்ற சூடான வண்டியில் நேர்ந்தவை. விடியற்காலை முதல் கிளப்பலில் ஒருமுறைகூடக் கோளாறு இல்லை. இரவெல்லாம் விளக்கு எரிந்து பேட்டரி இறங்கியிருந்தால், விடியற்காலையில் அன்றோ வண்டி மறுத்திருக்க வேண்டும்? அந்த ஒற்றை ஏடு ஓட்டுநர் குற்றமற்றவர் என்று காட்டிவிட்டது.

ஏழாம் முறை எலக்ட்ரீஷியன் நேரில் வந்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை வண்டியின் அடிச்சட்டத்திலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். கருவி 0.1 வோல்ட் காட்டிற்று, அது குறையன்று. அடுத்து அடிச்சட்டத்துக்கும் இஞ்சினுக்கும் இடையே அளந்தார். 3 வோல்ட்டுக்கு மேல் ஏறிற்று! இஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், மின்சாரம் திரும்பிவர ஒரு பின்னல் செம்புப் பட்டையே வழி. அதைத்தான் எர்த் ஒயர் என்கிறோம். அதன் காதுக்குள் பச்சைக் களிம்பு ஏறி, இழைகளில் பெரும்பாலானவை அறுந்திருந்தன. சூட்டில் விரிந்தபோது இழைகள் விலகின, ஆறியபோது ஒட்டின. தள்ளும் குலுக்கலிலும் ஒட்டின. வழி அடைபட்ட மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிளின் எஃகுக் கம்பி வழியே திரும்ப முயன்றது. அதனால்தான் கேபிள் சுட்டது. முதல் வாரத்திலேயே ஓட்டுநர் சொன்ன சொல்லில் நோயின் பெயர் அடங்கியிருந்தது.

இவ்வளவு சிறிய களிம்பு இத்தனை பெரிய வண்டியை நிறுத்துமா என்று கேட்கலாம். கொலோன் நகரில், முன்னர் இயேசு சபையாருடையதாயிருந்த பள்ளியில் கற்பித்த ஓம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் 1827-இல் நூலாக வெளியிட்ட விதி இதற்கு விடை தருகிறது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது எனக் கொள்வோம். இணைப்பில் ஓர் ஓமின் நூற்றில் ஒரு பங்குத் தடை இருந்தாலும் 1.5 வோல்ட் அங்கேயே வீணாகும். தடை இரு மடங்கானால் 3 வோல்ட் போகும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது பெரும் இழப்பு. ஒயரைக் கழற்றித் தனியே சோதித்தால் இக்குறை தெரியாது; எஞ்சிய ஓர் இழை போதும், கருவி ‘நலம்’ என்று காட்டிவிடும். சுமை ஏறும்போதுதான் உண்மை வெளிப்படும்.

ஆகவே பழைய வண்டி உடையோர் சிலவற்றை நினைவில் கொள்க. எதையும் மாற்றுமுன் குறிப்பேடு தொடங்குங்கள். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இஞ்சின் ஓடுகையில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். செல்ஃப் சுழலும்போது எர்த் இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால், அவ்விணைப்பை அவிழ்த்து உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். இழை அறுந்திருந்தால் புதிது போடுங்கள். விளக்கோ ஹாரனோ விட்டுவிட்டு வேலை செய்தால், அதனை இயக்கியபடியே ஒயர்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பாருங்கள். எங்கே அசைக்கும்போது மாறுகிறதோ அங்கே நோய் இருக்கிறது. பியூஸ் போன இடத்தில் வெள்ளித்தாள் சுற்றுவதும் பெரிய பியூஸ் போடுவதும் தீவிபத்தை விலைக்கு வாங்குவதாகும். பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவேண்டும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைத்து, நெருப்பை அருகே கொணராதிருங்கள். பேட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது.

நம் வேனுக்கு ஆன செலவு ஒரு செம்புப் பட்டையும் அரைமணி வேலையும்தான். பெரிய செலவு வேறிடத்தில் இருந்தது. அயலானைப் பற்றி ஆதாரமின்றித் தீயதை எண்ணுவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். உழைப்பவரின் கூலியை நியாயமின்றிப் பிடிப்பது ஏழாம் கட்டளைக்கு எதிரானது என்றும் கற்பிக்கிறோம். ஒரே தீர்மானத்தில் இரண்டையும் மீறியிருந்தோம். குழு மீண்டும் கூடியது. பிடித்த தவணைகளை முழுமையும் திருப்பிக்கொடுத்தோம். எவர் முன்னிலையில் அவரைக் குறை கூறினோமோ அவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்பும் கேட்டோம். பணத்தைத் திருப்புவது எளிதாயிருந்தது, மற்றது எளிதாயில்லை.

அவர் பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, “இனிமேல் கேபிள் சுடுகிறது என்று சொன்னால் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள் ஐயா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நம் வீடுகளிலும் அவ்வப்போது வந்து மறையும் நோவைச் சொல்லும் முதியோர் உண்டு. பள்ளியில் நேரும் துன்பத்தைச் சொல்லும் பிள்ளை உண்டு. நாம் பார்க்கும் வேளையில் அது தென்படாமலிருக்கலாம். அதனால் அவர்கள் சொல் பொய்யாகிவிடாது. அடுத்த முறை சொல்லும்போது, எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்போம்.