பேழைக்குள் ஓடும் ரயில்

பழம்பொருள் சந்தையில் பொம்மை ரயிலைத் தேடி அலைவோரைப் பித்தர் என நகைப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. இளமையில் கைநழுவிய எஞ்சினை, மெய்யுருவில் 87-இல் ஒரு பங்காக, மீண்டும் காண்பவர் கண்கலங்குவது இயல்பே. அதை வாங்கிப் பேழையில் பூட்டியதும் நினைவின் கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோமே, அதைத்தான் மறுக்கிறேன்.

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு அகலப்பாதையில் ரயில் வந்தது. 1875-இல் அப்பாதை மீட்டர் அளவுக்குக் குறுகியது. நம் காலத்தில் மீண்டும் அகன்றது. 1926-இல் திறந்த மயிலாடுதுறை – தரங்கம்பாடிப் பாதையோ 1986-இல் மூடப்பட்டது. அதன்பின் அங்கு வண்டி ஓடவில்லை. அத்தகைய தடங்களின் பழைய பயணச்சீட்டுக்கும் கைவிளக்குக்கும் விலைபேசுவோர் நம்மில் உண்டு. அத்தடத்தை மீட்கும்படி ஒரு மனுவில் கையொப்பமிட்டோர் எத்தனை பேர்?

"பேருந்து இருக்க ரயில் எதற்கு?" என்பார்கள். கூலிவேலைக்குப் போகிறவர்களிடமும், கூடை சுமக்கும் மீனவப் பெண்களிடமும் அதைக் கேட்கட்டும்.

பொம்மையைப் போற்றுங்கள், தவறில்லை. ஆனால் சந்தையில் பழைய சீட்டைக் கையிலெடுக்கும் அன்பர், வீடு திரும்பியதும் தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டையும் எழுதட்டும்.