விதிப் புத்தகத்தில் இல்லாத மச்சான்

நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தன். அரசின் நடவடிக்கையைக் குறைசொல்லி எழுதக் கூடாது என்கிறது 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 9ஆம் விதி. பேர் போட்டு எழுதினாலும் குற்றம், போடாம எழுதினாலும் குற்றம். இருந்தாலும் எழுதுறேன்.

அதே புத்தகத்தில் 4ஆம் விதி இருக்கிறது. தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ ஆதாயமுள்ள விஷயத்தை ஊழியர் கையில் எடுக்கக் கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். பணியோடு தொடர்புள்ள சொந்த நலன்களைத் தானே முன்வந்து சொல்லிவிட வேண்டும் என்று 2014இல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்.

நல்ல விதிதானே தோழர்னு கேப்பீங்க. 'குடும்பம்'னா யாருன்னு அந்தப் புத்தகத்துலயே பாருங்க. மனைவி அல்லது கணவன், முழுக்க அண்டியிருக்கும் பிள்ளைகள், முழுக்க அண்டியிருக்கும் மற்ற உறவினர். அவ்வளவுதான். தனியா வெள்ளாமை பண்ற அண்ணன் குடும்பமில்ல. பத்து ஏக்கர் வச்சிருக்கிற மச்சான் குடும்பமில்ல. பங்காளி, சம்பந்தி யாருமே இல்ல. தமிழ்நாட்டு ஊழியர்களுக்கான 1973ஆம் ஆண்டு விதிகளும் இதே அச்சில் வார்த்தவைதான். சோறு போடுற வரைக்கும்தான் சொந்தம்ங்குது விதி. சாதி அப்படியா சொல்லுது?

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை, நிலப் பிரச்சினை. 1892இல் பஞ்சமர்க்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் வேறு சாதிக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. கைமாறியது. காற்றிலயா மாறிச்சு? அடங்கலில் பேர் எழுதியது, அளந்தது, பட்டா கொடுத்தது எல்லாம் அரசாங்கப் பேனா. காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980இல் ஒழித்தார்கள். பதவிதான் ஒழிந்தது. நிலத்தை மீட்கச் சொல்லிச் சேரி சனம் கொடுக்கிற மனு, அந்த நிலத்தை வளைத்திருப்பவனின் மச்சான் மேசைக்கே போனால், எந்த விதி தடுக்கும்? அவர் வாங்குற அன்பளிப்புக்குக் கணக்குக் கேக்குற விதி, அவர் கட்டிக் காக்குற நிலத்துக்குக் கேக்கல. காசு மட்டும்தான் ஆதாயமா?

எங்க சனத்தோட விண்ணப்பம் ஒன்றை நான் முறைப்படிதான் மேலே அனுப்பினேன். 'உங்க ஆளுக்குன்னா கோப்பு ஓடுது' என்றார் பக்கத்து இருக்கைக்காரர். அவர் சாதிக்காரங்க கோப்பு ஓடும்போது அதுக்குப் பேரு நடுநிலை.

ஒரு கேள்வி வரும். 'அப்ப தலித் அதிகாரியும் தலித் வழக்கைத் தொடக் கூடாதா?' தொடலாம். நான் பிறப்பைப் பேசவில்லை, ஆதாயத்தைப் பேசுகிறேன். அந்த நிலத்தில் அவருக்கோ அவர் உறவுக்கோ பங்கிருந்தால் அவரும் விலகட்டும். பறிபோனதைத் திருப்பித் தருவது சொந்த ஆதாயமில்லை, சட்டம் இட்ட வேலை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஊழியருக்குத்தான் அது. சாய்வு எந்தப் பக்கம் என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. நடத்தை விதிக்கு மட்டும் தெரியாதா?

நாம் கேட்க வேண்டியது மூன்று. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், காவல் ஆய்வாளர் யாராக இருந்தாலும், பணியிடத்தில் தனக்கும் அண்ணன், தம்பி, மாமன், மச்சானுக்கும் உள்ள நிலத்தை, பொறுப்பேற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். பஞ்சமி நில மனுவிலும் வன்கொடுமை வழக்கிலும் 'இவர் வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு வேண்டும்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை தாலுகா ஆபீசுக்கு மனு எடுத்துப் போகும்போது நிலம் யார் கையில் இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க. கோப்பு யார் கையில் இருக்கு, அவருக்கு நிலக்காரன் என்ன முறைன்னும் கேளுங்க.