துத்தியா, செலாகுரியா?

சென்ற வாரம் தோட்டத்து அம்மாள் ஒருவர் பழைய தாளில் சுற்றிய கிளையொன்றை என்னிடம் நீட்டினார். "தம்பி, இது துத்திதானே? மூலத்துக்கு விளக்கெண்ணெயில வதக்கிக் கட்டச் சொன்னாங்க" என்றார். மஞ்சள் பூ, இலையில் பூனைமயிர், எல்லாம் சரி. ஆனால் அது துத்தி அல்ல. பால்மரக் காட்டில் எங்கும் முளைக்கிற செலாகுரி.

அவரைக் குறை சொல்லாதீர்கள். 1756-ல் பெரிய தாவர அறிஞர் லினேயஸே துத்தியைச் செலாகுரியின் இனத்தில்தான் சேர்த்து எழுதினார். 1826-ல்தான் அதைப் பிரித்தார்கள்.

துத்தி நம் பாட்டன் பாட்டிமாரின் ஊர்ச் செடி. தமிழ்நாட்டில் மழை குறைந்த கரட்டுக் காட்டிலும் வேலி ஓரத்திலும் தானாக வளரும். இங்கேயும் வெயில் காயும் திறந்த நிலத்தில்தான் தேட வேண்டும். மர நிழலில் அலையாதீர்கள்.

முதலில் இலையைத் தடவிப் பாருங்கள். துத்தி இலை அகன்று, இதய வடிவில், சாம்பல் பூத்த பச்சையாக, வெல்வெட்டுத் துணி போல் இருக்கும். பூதக்கண்ணாடி கிடைத்தால் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மயிரும் குட்டி நட்சத்திரமாகத் தெரியும்! செலாகுரி இலை ஒடுங்கி நீண்டது.

அடுத்தது பூ. துத்திப் பூ ஐம்பது காசு அளவு, ஐந்து இதழ். பிற்பகலில்தான் விரியும். மலாய்க்காரர் இதைக் 'கெம்பாங் லோஹோர்' என்பதும் அதனால்தான். லோஹோர் என்றால் நண்பகல் தொழுகை நேரம். செலாகுரிப் பூவோ சிறியது.

இன்னும் சந்தேகமா? காயைப் பாருங்கள். 15 முதல் 20 துண்டுகள் சேர்ந்து சக்கரம் போல் நிற்கும். பழுத்தால் கறுக்கும். செலாகுரிக் காய் பட்டாணியிலும் சிறியது.

சரியான செடியே கிடைத்தாலும், மருந்தடித்த காட்டில் பறிக்க வேண்டாம். பாராகுவாட் 2020 முதல் இந்நாட்டில் தடை. ஆனால் வேறு களைக்கொல்லிகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. அடித்த அன்று இலை வாடாது, பார்த்தால் தெரியாது. மலத்தில் இரத்தம் போனால் இலையைத் தேடி நாளைக் கடத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள். அந்த அம்மாளுக்கும் இதைத்தான் சொன்னேன்.

அடுத்த முறை வெறும் இலையும் பூவும் போதாது, காயோடு கிளையைக் கொண்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.