தனிமைக்குச் செயலி

ஊழியர்களின் மனச்சோர்வையும் தனிமையையும் போக்கக் கைபேசிச் செயலிகளை நிறுவனங்களே ஏற்பாடு செய்து தரும் வழக்கம் பெங்களூரில் பரவியிருக்கிறது. சோர்ந்திருப்பவர் செயலியைத் திறந்து தம் கவலையை எழுதலாம். சிலவற்றில் இயந்திரம் பதில் சொல்கிறது. சிலவற்றில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுகிறார். இத்துறையில் வெளிநாடுகளிலும் பெயர் பெற்ற 'வைசா' இந்நகரில் உருவானதே. ஆபீசுக்கு வருகிறவரின் கைகளோடு மனமும் வருகிறது என்பதை நிர்வாகங்கள் இப்போதாவது உணர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது.

பிரச்னை சிறியதல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு இதனுடன் தொடர்பு உண்டென்று அது மதிப்பிட்டுள்ளது. முதியவர்களின் துயரம் என்றே பலரும் எண்ணியிருந்தது, வாலிபர்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த தமிழருக்கு இதைப் புள்ளிவிவரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தருமபுரி, சேலத்துக்காரர் சனிக்கிழமை இரவு பஸ் ஏறிவிடுகிறார். திருநெல்வேலிக்காரருக்குத் தீபாவளியும் பொங்கலும்தான். பீன்யா தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து அறைக்கு வருகிறவரின் அறைத் தோழர் அப்போதுதான் பகல் ஷிப்டுக்குப் புறப்படுகிறார். ஒரே அறையில் ஆறு மாதம் இருந்தும் இருவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்க மாட்டார்கள். கைபேசியில் தினமும் ஊருக்குப் பேசத்தான் செய்கிறார்கள்; அம்மா கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டாரைக் கலங்கவைக்கக் கூடாது என்று அடக்கி வைத்த பேச்சை எங்கே கொட்டுவது?

இந்த இடத்தில் செயலிக்கு உபயோகம் உண்டு. நள்ளிரவிலும் அது விழித்திருக்கும். மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களோ என்று கூசுகிறவருக்கு, முகம் காட்டாமல் பேச ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் இயந்திரத்தோடு பேசுவதே பழக்கமாகிவிட்டால்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சுமார் ஆயிரம் பேரை நான்கு வாரம் கவனித்து 2025-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். உரையாடும் இயந்திரத்தோடு நாள்தோறும் அதிக நேரம் செலவிட்டவர்களிடம் தனிமையுணர்வும் அதிகமாகவே இருந்ததாம். தனிமையால் அதை நாடினார்களா, நாடியதால் தனிமை கூடியதா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும், மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலிதான் வேண்டும்; மனிதருக்குப் பதிலாக நிற்பது வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, எழுதியதை யார் படிப்பார்கள் என்பது. மேலதிகாரியைப் பற்றிய மனக்குறையை அந்த மேலதிகாரியின் நிறுவனம் தந்த செயலியிலேயே எழுதத் துணிவு வேண்டும். 2023-ல் நிறைவேறிய தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்கு ஊழியரின் சம்மதமின்றியே அவரது தகவல்களை நிர்வாகம் கையாள இடம் வைத்திருக்கிறது. அவரது மனவேதனைவரை அது நீளுமா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய சங்கதி. அதுவரை காத்திராமல், எச்.ஆர். பிரிவு ஒரு வரியும் பார்க்காது என்று நிர்வாகங்கள் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். பதவி உயர்வு நேரத்தில் பழைய கண்ணீர் பைலில் வந்து உட்காரும் என்ற பயம் இருந்தால், எவரும் அதில் உண்மையை எழுத மாட்டார்.

வாயில் காவலரும், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவரும், ஒப்பந்தக்காரர் அனுப்பும் துப்புரவுத் தொழிலாளரும் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர் பட்டியலிலேயே இல்லை. அவர்களில் தமிழரும் ஏராளம். பட்டியலில் இல்லாதவருக்குச் செயலியும் இல்லை. இருந்தாலும் அது இங்கிலீஷில் விசாரித்தால் அவருக்கு என்ன பயன்?

செயலிக்குச் செலவிடும் நிர்வாகம், உணவு இடைவேளையைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்காமல் இருக்கலாம். ஒரே ஊர்க்காரர், ஒரே அறைக்காரர் கேட்டுக்கொண்டால் ஒரே ஷிப்டு தரலாம். இதற்குக் காசு அதிகம் ஆகாது.

சர்க்கார் வசதி ஒன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான் இதற்குத் தலைமை மையம். தமிழ் உள்பட 20 மொழிகளில் பேச வசதி இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டியதில்லை. இந்த எண்ணைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, வருகைப் பதிவு செய்யும் இடத்தருகே மாட்டிவைக்கத் தொழிற்சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் இந்த வாரமே நிர்வாகங்களைக் கேட்கலாம்.